கையிலுள்ள இசை யாருடையது?



ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவன் அப்பொருளுக்கு உடையவன் ஆகிறான். நெல்லாயினும் நூலாயினும் வழக்கு ஒன்றே. வாங்கியதைப் பயன்படுத்தலாம், பிறருக்கு ஈயலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம். விற்றவன் கடையை மூடிவிட்டு வேற்றூர் சென்றாலும், வாங்கியவன் வீட்டு நெல் நெல்லாகவே இருக்கும். இவ்வழக்கு இசைக்கும் பொருந்துமா? இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய சிறு கருவியொன்று இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிற்று. சட்டைப்பையில் அடங்கும் எண்முறை இசைப்பெட்டியே அக்கருவி. ஒலியை எண்களாக மாற்றிச் சேமிப்பதால், 'டிஜிட்டல்' என வழங்கும் முறையை எண்முறை என்று குறிப்பிடுகிறேன்.

நடந்துகொண்டே இசை கேட்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது ஜப்பான் நாட்டுச் சோனி நிறுவனம். 1979-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் அது 'வாக்மேன்' என்னும் கருவியை 33,000 யென் விலைக்கு விற்பனைக்குக் கொணர்ந்தது. அதில் சுழன்றது கேசட் ஒலிநாடா. நாடா தேயும், சிக்கிக்கொள்ளும், ஒரு பக்கம் முடிந்தால் திருப்பிப் போடவேண்டும். ஆயினும் கடையில் வாங்கிய கேசட் எவர் செய்த கருவியிலும் பாடிற்று. எவரிடமும் இசைவு கேட்கவேண்டியதில்லை.

அதே 1979-இல் இங்கிலாந்தில் கேன் கிரேமர் என்னும் இளைஞர், நாடாவும் தட்டும் இன்றி நினைவகச் சில்லில் இசையைச் சேமிக்கும் கருவியொன்றைக் கருத்தில் உருவாக்கினார். 1981-இல் அதற்குக் காப்புரிமையும் கோரினார். அவர் எண்ணிய சில்லில் அடங்கக்கூடிய இசை மூன்றரை நிமிடமே. காப்புரிமையைத் தொடர்ந்து காத்துக்கொள்ளப் பொருள் திரட்ட இயலாமையால் 1988-இல் அது காலாவதியாயிற்று. கருத்து சரியானது, காலம் கனியவில்லை.

காலம் கனியாமைக்குக் காரணம் ஓர் எளிய கணக்கு. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும், ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளைக் கொண்டு, 16 இலக்கங்களில் எழுதி வைக்கிறது. இடச் செவிக்கும் வலச் செவிக்கும் தனித்தனியே எழுதவேண்டும் ஆதலின், ஒரு நிமிட இசைக்கு ஏறத்தாழப் 10 மெகாபைட் இடம் தேவைப்படுகிறது. நான்கு நிமிடப் பாடல் 40 மெகாபைட்டைக் கடந்துவிடும். அக்காலத்து நினைவகச் சில்லுகளோ விலை மிகுந்தவை, கொள்ளளவு குறைந்தவை.

இத்தடையை நீக்கிய பெருமை ஜெர்மானிய அறிஞர்க்கு உரியது. எர்லாங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் டீட்டர் சைட்சர் என்னும் பேராசிரியர், தொலைபேசிக் கம்பியின் வழியே நல்லிசையை அனுப்ப இயலும் என்று கருதினார். இயலாத செயல் என்று காப்புரிமை அலுவலர் மறுத்தார். சைட்சரின் மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்புர்க் அதனையே தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார்.

அவ்வாராய்ச்சியின் அடிப்படை நாம் அனைவரும் அறிந்ததே. தேர்த் திருவிழாவில் நாகசுரமும் தவிலும் முழங்கும்போது, அருகில் நிற்பவரின் வளையல் ஓசை நமக்குக் கேட்பதில்லை. வளையல் ஒலிக்காமல் இல்லை. பேரொலி சிற்றொலியை மறைத்துவிடுகிறது. செவிக்கு எட்டாத ஒலியைச் சேமிப்பானேன்? அதனைக் கழித்துவிட்டால் இசையின் எடை குறையுமன்றோ? இக்கருத்தின்மேல் எழுந்ததே எம்.பி.3 என்னும் முறை. பின்னணி இசையின்றி ஒரு பெண்ணின் குரல் மட்டுமே ஒலிக்கும் 'டாம்ஸ் டைனர்' என்ற பாடலைப் பிராண்டன்புர்க் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். சூசன் வேகா பாடிய அப்பாடலில், கழித்தல் சிறிது பிழைத்தாலும் குரல் கெட்டுவிடும். அக்குரல் நன்கு ஒலிக்கும்வரை அவர் தம் முறையைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1995-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 'எம்.பி.3' என்னும் கோப்புப் பெயர் முடிவு செய்யப்பட்டது. வழக்கத்தில் மிகப் பரவிய அளவில் இம்முறை குறுந்தகட்டு இசையைப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கிற்று.

சுருங்கிய இசைக்கு ஏற்ற கலமும் வேண்டும் அன்றோ? மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறவாத 'ஃபிளாஷ்' நினைவகத்தை ஜப்பானியராகிய ஃபூஜியோ மசுவோக்கா, தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபோது கண்டறிந்து 1984-இல் அறிவித்திருந்தார். ஜெர்மானியர் தந்த சுருக்கமும் ஜப்பானியர் தந்த கலமும் கொரியாவில் ஒன்றுகூடின. 1998-இல் தென் கொரியாவின் சேஹான் நிறுவனம் 'எம்பிமேன்' என்னும் இசைப்பெட்டியை வெளியிட்டது. அதன் நினைவகம் 32 மெகாபைட். குறுந்தகட்டு அளவில் ஒரு நான்கு நிமிடப் பாடலுக்கும் போதாத அவ்விடத்தில், எம்.பி.3 முறையால் அரை மணி நேர இசை அடங்கிற்று.

அதே ஆண்டில் அமெரிக்காவின் டயமண்ட் மல்டிமீடியா நிறுவனம் 'ரியோ' என்னும் பெட்டியை 200 டாலர் விலைக்குக் கொணர்ந்தது. அதற்கும் 32 மெகாபைட்டே. கடிகாரத்துக்குப் போடும் சிறு பாட்டரி ஒன்றே அதற்குப் போதும். அக்டோபர்த் திங்களில் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில்துறைச் சங்கம் அதன்மேல் வழக்குத் தொடுத்தது. 1992-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, எண்முறை ஒலிப்பதிவுக் கருவி செய்வோர், படியிலிருந்து மேலும் படி எடுப்பதைத் தடுக்கும் அமைப்பை வைக்கவேண்டும்; உரிமைத் தொகையும் செலுத்தவேண்டும். ரியோ அவ்விதியைப் பின்பற்றவில்லை என்பதே குற்றச்சாட்டு.

1999-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. ரியோ இசைத்தட்டிலிருந்து நேரே படி எடுப்பதன்று. கணிப்பொறியில் ஏற்கெனவே உள்ள கோப்பையே பெறுகிறது. ஆதலின் அச்சட்டம் கூறும் கருவி அன்று என்பது முடிவு. தம்மிடமுள்ள இசையைத் தாம் செல்லுமிடத்துக்கு எடுத்துச் செல்வது தனிப்பட்ட பயன்பாடே என்றும் நீதிமன்றம் கருதிற்று. இசைப்பெட்டியின் வரலாற்றில் இத்தீர்ப்பே திருப்புமுனை. இது வேறாக அமைந்திருப்பின், பின்வந்த பெட்டிகள் பல பிறந்திருக்கமாட்டா.

இங்கே மற்றொரு பக்கத்தையும் கூறுதல் நடுநிலைமை. சங்கத்தார் கொண்ட அச்சம் வெற்றச்சம் அன்று. 1999 ஜூன் திங்களில் தோன்றிய 'நாப்ஸ்டர்' வழியே, முன்பின் அறியாதவர்கள் பாடல்களை விலையின்றிப் பரிமாறிக்கொண்டனர். 2001-இல் நீதிமன்ற ஆணையால் அது நின்றது. பாடியவருக்கும் இசை அமைத்தவருக்கும் உரிய ஊதியம் கிடைக்கவேண்டும். ஒரு நூலை வாங்கியவனுக்கு அதனைப் படிக்க உரிமை உண்டு; அச்சிட்டு ஊரெங்கும் வழங்க உரிமையில்லை. வாங்கிய நூலை எந்த அறையில், எந்த விளக்கொளியில் படிப்பது என்பதை மட்டும் பதிப்பாளர் தீர்மானிக்க இயலாது. ரியோ வழக்கின் உயிர்நிலை இவ்வேறுபாடே.

இதற்கிடையே பெட்டியின் வயிறு பெருகிற்று. சில்லுக்கு மாற்றாகக் கணிப்பொறியின் ஹார்ட் டிஸ்க்கையே சிறிதாக்கிப் பெட்டிக்குள் வைத்தனர். 2000-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 6 கிகாபைட் பெட்டியை வெளியிட்டது. 2001 அக்டோபர் 23-ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் 'ஐபாட்' என்பதை அறிமுகம் செய்தது. கொள்ளளவு 5 கிகாபைட். விலை 399 டாலர். அடங்கும் பாடல்கள் ஆயிரம். ஐபாட் முதலாவது இசைப்பெட்டி என்று பலர் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. கையாளுதற்கு எளிமையாலும் கணிப்பொறியிலிருந்து விரைந்து பாடல்களைப் பெறும் திறத்தாலும் அது முன்னோரை வென்றது.

2003 ஏப்ரல் 28-ஆம் நாள் ஆப்பிள் பாடல் கடை ஒன்றையும் இணையத்தில் திறந்தது. ஒரு பாடலின் விலை 99 சென்ட். ஆனால் விற்ற பாடலுக்கு ஒரு பூட்டும் இட்டது. ஐபாடில் பாடும் அப்பாடல் பிற நிறுவனத்தாரின் பெட்டிகளில் பொதுவாகப் பாடாது. மைக்ரோசாஃப்ட் முதலிய பிறரும் தத்தம் பூட்டுடன் கடை வைத்தனர். வியப்பு யாதெனின், 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'சூன்' என்னும் இசைப்பெட்டி, அதே நிறுவனத்தின் பழைய கடையில் வாங்கிய பாடல்களைத் திறக்கவில்லை. மகன் வீட்டுச் சாவி தந்தை வீட்டுப் பூட்டுக்குச் சேராத கதை!

2008-இல் இவ்வேற்பாட்டின் உண்மை உருவம் வெளிப்பட்டது. ஆகஸ்ட் 31-க்குப் பின் தன் பழைய கடையின் பாடல்களுக்குத் திறவுகோல் வழங்கப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதன் பொருள் யாது? வாடிக்கையாளர் புதிய கணிப்பொறி வாங்கினால், முறையாக விலை கொடுத்து வாங்கிய பாடல் அதில் ஒலிக்காது. எதிர்ப்பு எழவே, 2011 இறுதிவரை தொடர்வதாக இசைந்தது. அதே ஆண்டில் யாஹூவும் இத்தகைய அறிவிப்பை விடுத்து, வாங்கியோர்க்கு ஈடு வழங்க முன்வந்தது. விற்றவன் கடையை மூடினான். வாங்கியவன் வீட்டு நெல் பதராயிற்று.

பூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. 2007-இல் அமேசான் பூட்டில்லாத எம்.பி.3 பாடல்களை விற்கத் தொடங்கிற்று. 2009 ஜனவரியில் ஆப்பிளும் பாடல்களின் பூட்டை நீக்குவதாக அறிவித்தது. 2017 ஏப்ரலில் எம்.பி.3 முறைக்கான காப்புரிமை வழங்கும் திட்டமும் முடிவுற்றது. அதன்பின் எவரும் கட்டணமின்றி அம்முறையைக் கையாளலாயினர். இசையை உடைமையாக்கிக்கொள்ளும் வழி முற்றிலும் திறந்தபோது, மக்களோ வேறு வழியே செல்லத் தலைப்பட்டனர். கைப்பேசியில் திங்கள்தோறும் சந்தா செலுத்தி, இணையத்திலிருந்து கேட்கும் வழக்கம் பரவிற்று. 2022 மே 10-ஆம் நாள், கையிருப்பு உள்ளவரை மட்டுமே ஐபாட் விற்கப்படும் என்று ஆப்பிள் அறிவித்தது.

சந்தா முறையை நான் பழிக்கவில்லை. சிறு தொகைக்குக் கோடிக்கணக்கான பாடல்களைக் கேட்பது முன்னோர் கனவிலும் காணாத பேறு. ஆயினும் நூலகத்து நூலுக்கும் சொந்த நூலுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியன் என்ற முறையில் உங்களுக்கு நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன். நூலகம் பெரிது, நம் அலமாரி சிறிது. ஆனால் நூலக உறுப்பினர் உரிமை முடிந்த அன்று நூலைத் திருப்பித் தரவேண்டும். சந்தா நின்றால், கைப்பேசியில் இறக்கி வைத்த பாடலும் அவ்வாறே வாய் மூடிக்கொள்ளும். நிறுவனத்துக்கும் உரிமையாளருக்கும் இடையே ஒப்பந்தம் முறிந்தால், நேற்றுக் கேட்ட பாடல் இன்று இல்லாமற்போகும்.

இசைப்பெட்டி இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. சோனி 2023-இலும் வாக்மேன் என்னும் பெயரிலேயே புதிய எண்முறைப் பெட்டியை வெளியிட்டது. அத்தகைய பெட்டி ஒன்றை வாங்க விரும்புவோர், அதன் மினுமினுப்பை நோக்குமுன் சிலவற்றை ஆராயவேண்டும். எம்.பி.3 கோப்பையும், ஒலியில் ஒன்றையும் இழக்காமல் ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கும் 'ஃபிளாக்' கோப்பையும் அது பாடுகிறதா? கணிப்பொறியுடன் இணைத்தால், தனி மென்பொருள் ஏதுமின்றிப் பாடல்களை இடவும் திரும்ப எடுக்கவும் இயல்கிறதா? நினைவக அட்டையைச் செருக இடம் உண்டா? பாட்டரி தளர்ந்தால் மாற்ற வழியுண்டா? இறுதி வினாவை எளிதாக எண்ணற்க. ரியோவின் பாட்டரியைச் சிறுவனும் மாற்றுவான்; ஐபாடின் பாட்டரியோ உள்ளே மூடப்பட்டது. அதுபற்றி அமெரிக்காவில் எழுந்த வழக்கு 2005-இல் உடன்பாட்டில் முடிந்தது.

இவ்வினாக்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒன்றே: விற்றவரின் இசைவின்றி நாளையும் இது பாடுமா?

இதன் அருமை திரைப்பாடல்களில் அவ்வளவாகத் தோன்றாது; அவை ஓரிடத்தில் மறைந்தால் வேறிடத்தில் கிடைக்கும். உங்கள் பாட்டியார் பாடும் தாலாட்டையும், உங்கள் ஊர்த் திருவிழாவில் பெயர் பெறாத நாகசுரக் கலைஞர் வாசிக்கும் மல்லாரியையும் எண்ணிப் பாருங்கள். அவை பெரும்பாலும் எந்நிறுவனத்தின் கடையிலும் இல்லை. அவர்தம் இசைவு பெற்றுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்; எவரும் திறக்கக்கூடிய கோப்பாக்கி, வெவ்வேறு இடங்களில் இரண்டு படிகள் வையுங்கள்; ஒன்றை உங்கள் இசைப்பெட்டியில் ஏற்றுங்கள். பெட்டி ஒரு நாள் பழுதாகும். நிறுவனமும் ஒரு நாள் மூடப்படலாம். அன்று அத்தாலாட்டை வேறொரு பெட்டிக்கு மாற்ற நீங்கள் எவரிடமும் திறவுகோல் கேட்டு நிற்கவேண்டியதில்லை.