வைத்தியசாலைச் சபையின் வாயில்

கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர முஸ்லிம் ஊர்களில், பள்ளிவாசல் பரிபாலனம் குடிவழியோடு பிணைந்து வளர்ந்ததை நேயர்கள் அறிவர். தாய்வழியாக வரும் குடிகளின் சார்பில் மரைக்காயர்கள் பள்ளிவாசற் சபையில் அமர்ந்தனர். வரவு செலவு பற்றிக் கேட்க விரும்பியவர் அந்நியர் எவரையும் நாட வேண்டியிருக்கவில்லை. தம் குடி மரைக்காயரைக் கேட்டால் போதும். அரசாங்க வைத்தியசாலைக்கோ அத்தகைய மரைக்காயர் இல்லை. எந்த நோயாளர் விடுதி முதலிற் கட்டப்படும், எந்தக் கருவி வாங்கப்படும் என்பன ஓர் அறையினுள் தீர்மானமாகின்றன. ஊரவர் அறிவது பெரும்பாலும் முடிவை மாத்திரமே.

அவ்வறையினுள் ஊரவருக்கும் இடமளிக்கும் எண்ணம் புதியதன்று. 1952ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுகாதார சேவைகள் சட்டம், அரசாங்க வைத்தியசாலைகளின் நிருவாகத்துக்கு உதவும் பொருட்டுப் பிரதேச வைத்தியசாலைச் சபைகளையும் வைத்தியசாலைக் குழுக்களையும் அமைக்க வழி செய்தது. (அன்று கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது; அம்பாறை மாவட்டம் 1961இலேயே தோன்றிற்று.) 1948இல் பிரித்தானியாவில் தொடங்கிய தேசிய சுகாதார சேவையிலும் இவ்வாறான சபைகள் இருந்தன. ஆயினும் சபையில் அங்கத்தவராய் நியமனம் பெறுவது ஒன்று. நியமனம் பெறாத குடிமகன் பின்வரிசையில் அமர்ந்து கேட்பது மற்றொன்று. இவ்விரண்டாவது உரிமை பிரித்தானியாவிலும் எளிதிற் கிட்டவில்லை.

வேல்ஸ் நாட்டில் டென்பி என்பது ஒரு சிறு கடலோரப் பட்டினம். அதன் நகரசபை, கூட்டத்துக்கு வந்த பத்திரிகையாளர் ஒருவரை விலக்க, விவகாரம் நீதிமன்றம் சென்றது. கூட்டத்தில் இருக்க அவருக்கு உரிமையில்லை என 1908இல் தீர்ப்பாயிற்று. அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் ஒரு சட்டத்தால் பத்திரிகையாளருக்கு வாயிலைத் திறந்தது, பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. சபைகள் சும்மா இருக்குமா? முழுச் சபையும் தன்னைக் "குழு" என்று அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தும் வழக்கம் தலையெடுத்தது. அதே ஆட்கள், அதே மேசை, பெயர் மாத்திரம் வேறு!

1960 பெப்ரவரி 5ஆம் நாள், பாராளுமன்றத்துக்குப் புதியவரான மார்கரெட் தாட்சர் தம் கன்னிப் பேச்சிலேயே இதற்குப் பரிகாரமான மசோதாவை முன்வைத்தார். அது சட்டமானதும் பொதுமக்களும் உள்ளே வரலாயினர். மூன்று முழு நாள்களுக்கு முன்னரே கூட்டத்தின் நேரமும் இடமும் ஒட்டப்படல் வேண்டும். முழுச் சபையும் குழுவாகக் கூடினாலும் விதி மாறாது. பிரதேச வைத்தியசாலைச் சபைகளும் இதற்கு உட்பட்டன. இரகசியமான விடயம் வந்தால் மக்களை வெளியேற்றலாம். ஆனால் அதற்கான காரணம் தீர்மானத்தில் இடம்பெறல் வேண்டும்.

இலங்கை நாற்காலியைத் தராமற் கடதாசியைத் தந்தது. 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் தகவலை அடையும் உரிமையை அடிப்படை உரிமையாக்கிற்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இரு சட்டங்களுக்கும் இலக்கம் 12 ஆனது தற்செயலே. கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் எடுத்த தீர்மானம் ஒன்றை அறிய விரும்புபவர் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம்; 14 வேலை நாள்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படல் வேண்டும். கூட்டத்தில் எவர் எதிர்த்தார், எவர் வாளாவிருந்தார் என்பது எழுதினவர் எழுதிய அளவே தெரியவரும், அது பெருங்குறையே. நோயாளி ஒருவரின் மருத்துவக் குறிப்பை அவர் சம்மதமின்றிப் பெற முடியாது, அது முறையே. புதிய விடுதிக்கான ஒப்பந்தத்தையோ எந்தக் குடிமகனும் கேட்கலாம். கேட்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை.