ஆர்.சி.யில் இருக்கும் வண்டி



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் ஓடுகிறவர்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும்!

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவன். பெயர் வேண்டாம், படித்தால் அவனுக்கே தெரியும். இப்போது நாற்பதைத் தொட்டுவிட்டான், கோயம்புத்தூரில் வேலை. பள்ளத்தூரில் அவன் ஐயா வீட்டு மோட்டார் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு 10 கார் இருந்தது. ஐயா 1958-இல் வாங்கியது. அவன் அப்பத்தா கல்யாணமாகி வந்து இறங்கியது அந்தக் காரில்தான். ஆச்சிக்கு இப்போது வயது எண்பத்து நாலு. ஒருமுறை அதே காரில் பிள்ளையார்பட்டி போய் வர வேண்டும் என்பது அவர் ஆசை.

பையன் இரண்டு வருஷமாக லீவு நாளெல்லாம் அந்தக் காரோடு கிடந்தான். பழைய எஞ்சினை இறக்கிவிட்டு மாருதி ஆம்னி எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏற்றினான். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், புது சீட், அகலச் சக்கரம். அடுத்து கூரையை வெட்டித் திறந்த காராக்குவதாகத் திட்டம். அதற்கு முன் ஆர்.சி.யைப் புதுப்பித்துவிடலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அதிகாரி ஆர்.சி.யையும் பார்த்தார், பானெட்டைத் திறந்தும் பார்த்தார். மரியாதையாகவே சொன்னாராம்: "தம்பி, இந்த ஆர்.சி.யில இருக்கிற வண்டியக் கொண்டு வாங்க."

அன்று ராத்திரி எனக்குப் போன். "டீச்சர், அந்தக் காலத்துல எல்லாரும் மாத்தி மாத்தித்தானே ஓட்டுனாங்க? எனக்கு மட்டும் ஏன் கூடாது?"

எனக்குக் காரில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் பிள்ளை கேள்வி கேட்டால் பதில் தேடாமல் தூக்கம் வராத தொழில் நம்முடையது. தேடிப் படித்ததை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதலில் அவன் சொன்னது உண்மைதான். அந்தக் காலத்தில் மாற்றுவது தப்பே இல்லை. சொல்லப்போனால் மோட்டார் நம் ஊருக்கு வந்ததே பாதி வண்டியாகத்தான்.

சென்னை சிம்சன் கம்பெனி 1840-இல் தொடங்கியது. குதிரை வண்டி கட்டியவர்கள். 1903-இல் அங்கேதான் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். பிறகு மோட்டார் வந்தபோது குதிரை வண்டிக்குக் கூண்டு கட்டிய அதே கைகள் மோட்டாருக்கும் பாடி கட்டின. சீமையிலிருந்து எஞ்சினும் சேசிஸும் வரும். மேலே மரமும் தகரமும் வைத்து வாங்குகிறவர் விருப்பப்படி கட்டுவார்கள். ஆக, "கம்பெனி செய்த மாதிரி" என்கிற பேச்சே அன்று முழுசாகப் பொருந்தாது. இந்த வழக்கம் பஸ்ஸில் இன்றைக்கும் இருக்கிறது. சேசிஸ் ஓரிடம், பாடி கட்டுவது கரூர். கரூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போன என் மாணவிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

அடுத்து இரண்டாம் உலகப்போர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. பர்மாவிலிருந்து நம் பக்கத்துக் குடும்பங்கள் கால்நடையாகத் திரும்பிய கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அந்தச் சமயம் இங்கே பெட்ரோலுக்கு ரேஷன். கார் இருந்தது, ஊற்ற எண்ணெய் இல்லை. 1911-இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். கம்பெனியார் அப்போது கரியில் ஓட வைக்கும் "கேஸ் பிளாண்ட்" செய்து விற்றார்கள். வண்டியோடு ஒரு உருளை அடுப்பு. அதில் கரியைப் போட்டுக் கொளுத்தினால், அரைகுறையாக எரிந்து வரும் வாயு குழாய் வழியே எஞ்சினுக்குப் போகும். கிளம்புவதற்கு முன் அடுப்பு பற்ற வைத்து, விசிறி சுற்றிக் காத்திருக்க வேண்டும். வேகமும் குறைவுதான். ஆனாலும் வண்டி ஓடியது. பிளஷர் காருக்குப் பின்னால் அடுப்பைக் கட்டுவதைவிடப் பெரிய மாற்றம் எது? சர்க்காரே அதற்கு உற்சாகம் கொடுத்தது.

மூன்றாவது காரணம், உதிரி பாகப் பஞ்சம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1953-இல், இங்கேயே பாகங்களைச் செய்யத் திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டும்தான் கார் தொழிலில் இருக்கலாம் என்று முடிவானது. வெளியிலிருந்து பாகம் கொண்டுவந்து பூட்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் மூட்டை கட்டின. நாட்டுக்கு அது நல்லது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வீட்டில் செவர்லேயும் போர்டும் வைத்திருந்தவர்கள் கதி? ஒரு பல்சக்கரம் உடைந்தால் வாங்க இடமில்லை. மெக்கானிக் என்ன செய்வார்? கிடைத்ததைப் பொருத்துவார். 1973-க்குப் பின் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியதும், பெட்ரோலைக் குடிக்கும் பெரிய கார்களில் டீசல் எஞ்சினை ஏற்றுவது பரவலானது. பள்ளிப் படிப்பைத் தாண்டாத எத்தனையோ பட்டறைக்காரர்கள், இன்றைய இன்ஜினியர்கள் வியக்கும்படி செய்த வேலை அது.

சரி, அன்று சட்டம் என்ன சொன்னது? 1914-இல் ஒரு சட்டம், 1939-இல் ஒன்று, இப்போது நடப்பிலிருக்கும் 1988 சட்டம். இது 1989 ஜூலை 1 முதல் அமல். இதில் 52-ஆம் பிரிவுதான் நமக்கு வேண்டியது. முதலில் அந்தப் பிரிவு சொன்னது இதுதான்: ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்ற வேண்டுமானால் பதிவு அதிகாரிக்குத் தெரிவி, அவர் ஒப்புதலை வாங்கு. அதாவது கதவு இருந்தது, தட்டிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். சாமான் ஏற்றி இறக்கியதில் வண்டியின் எடை இரண்டு சதவீதத்துக்குள் மாறினால் கேட்கவே தேவையில்லை என்றும் இருந்தது. 800 கிலோ வண்டி என்றால் எத்தனை கிலோ? மனக்கணக்கு! 16 கிலோ. சபாஷ்.

2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வார்த்தை மாறியது. தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கு வேறுபடும்படி மாற்றக் கூடாது என்று ஆனது. அனுமதிக்கப்பட்ட கிட் பொருத்தி எரிபொருள் மாற்றுவது போன்ற சில வழிகள் மட்டும் விடப்பட்டன. ஆம்னிகளில் கேஸ் கிட் போட்டது அந்த வழியில்தான். அதே கம்பெனி, அதே வகை எஞ்சினை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. வேறு வண்டியின் எஞ்சினுக்கு இல்லை.

இதன் பிறகும் குழப்பம் இருந்தது. கேரளாவில் இருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஜனவரியில் நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் தீர்ப்பளித்தார்கள்: கம்பெனி குறிப்பிட்ட அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில் தண்டனையும் சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். என் மாணவன் செய்த வேலைகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். போதும் என்று நிறுத்திவிட்டேன்.

ஏன் இவ்வளவு கடுமை? நியாயம் இருக்கிறது. இன்று ஒரு மாடல் கார் விற்பனைக்கு வருமுன் அதன் மாதிரி வண்டியைப் புனே போன்ற இடங்களில் உள்ள சோதனை நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, புகை எல்லாம் சேர்த்து ஒரே வண்டியாகச் சோதிக்கிறார்கள். இந்த எடைக்கு இந்த பிரேக், இந்த வேகத்துக்கு இந்த ஸ்டியரிங். ஒன்றை மாற்றினால் அந்தச் சோதனைக்குப் பொருள் இல்லை. எங்கேயோ வெல்டிங் விட்டுப்போனால் அடிபடுவது ஓட்டுகிறவன் மட்டுமில்லை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையும்தான். நாற்பது வருஷம் பள்ளி வாசல் கேட்டில் நின்றவள் நான். இந்தக் கவலை எனக்குப் புரியும்.

ஆனாலும் ஒரு குறை சொல்வேன். இங்கிலாந்தில் மாற்றிய பழைய காருக்கு மார்க் போடும் முறை ஒன்றைப் பல வருஷம் வைத்திருந்தார்கள். பழைய சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷனுக்கு 2, அச்சுக்கு 2, கியர் பகுதிக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 14. எட்டு வாங்கினால் பாஸ், பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேசிஸ் மட்டும் கட்டாயப் பாடம்! பெயில் ஆனாலும் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். அந்த ஒற்றை வண்டியையே தனியாகச் சோதித்து, "க்யூ" என்று தொடங்கும் வேறு நம்பர் கொடுப்பார்கள். அதாவது துணைத் தேர்வு உண்டு. நம் நாட்டில் இப்படி ஒரு தனி மனிதன் தன் கையால் மாற்றிய ஒற்றைக் காருக்குத் துணைத் தேர்வு இல்லை. கைத்திறன் உள்ள பிள்ளைகள் நிறைந்த நாட்டில் இது ஒரு குறைதான்.

நம் நாட்டில் பழைய வண்டிக்கு வேறொரு கதவு 2021 ஜூலையில் திறந்தது. வின்டேஜ் வண்டிகளுக்கான தனி விதி. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு "வி.ஏ." என்ற எழுத்தோடு நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிபந்தனையைப் பாருங்கள்: வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் கை வைத்திருக்கக் கூடாது. இன்னொன்று, தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். ஆச்சியைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப் போவது இந்தப் பட்டியலில் இல்லை!

ஆகவே அவனுக்கு நான் சொன்ன பதில் இது. மாற்றிய வண்டியாக ஆர்.சி. கிடைக்காது. மாற்றிவிட்டு வின்டேஜ் என்றும் கேட்க முடியாது. மிச்சம் இருப்பது மிகப் பழைய வழி. அந்த அதிகாரி சொன்னதையே செய். ஆர்.சி.யில் இருக்கும் வண்டியைக் கொண்டு போ. சாதாரண கார் ஆர்.சி. 15 வருஷத்துக்கு. பிறகு வண்டியைக் காட்டி, தகுதி இருந்தால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வரிப் பாக்கி, தாமதக் கட்டணம் எல்லாம் உண்டு. சிவகங்கை மாவட்டமே 1985-இல்தான் பிறந்தது. இந்த ஆர்.சி. பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக் காகிதம், கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. முதலில் அதை ஏற்றச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். அலைச்சல்தான். ஆனால் வழி இருக்கிறது.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. இரண்டு வருஷ உழைப்பு, செலவு. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு கேட்டேன்: "பழைய எஞ்சின் எங்கடா?"

"வித்துடலாம்னு இருந்தேன் டீச்சர். அப்பத்தா விடல. ரெண்டாங்கட்டுல சாக்கு மேல கெடக்கு."

அந்த 948 சி.சி. எஞ்சின் நம் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் வண்டிக்கானது. கம்பெனி மூடியே முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆச்சி அதை எடைக்குப் போட விடவில்லை. நல்லவேளை, கூரையையும் இன்னும் வெட்டவில்லை.

போன வாரம் பள்ளத்தூர் போய் ஆச்சியைப் பார்த்து வந்தேன். வண்டி நம்பர் என்ன ஆச்சி என்றேன். பேரப்பிள்ளைகள் போன் நம்பர் ஒன்றுகூட நினைவில்லை என்கிறவர், அந்த நம்பரை மூச்சு விடாமல் சொன்னார். "நம்பரு அதே இருக்கணும் டீச்சர். அது ஐயா எழுதி வாங்குன நம்பரு" என்றார். கொட்டகையில் அவன் ஆம்னி எஞ்சினை இறக்கிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். ஐந்தாம் வகுப்பில் மை கொட்டிக்கொண்டு நின்ற அதே முகம்.

பழைய ஸ்டாண்டர்டு 10 எஞ்சினுக்குப் பிஸ்டன் ரிங் யாரிடமாவது இருந்தால், அல்லது அந்த வண்டியில் வேலை பார்த்த பெரியவர் மதுரை, திருச்சிப் பக்கம் யாரையாவது தெரிந்தால், கமெண்டில் எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய வண்டி நின்றால், அதில் கை வைக்கும் முன் ஆர்.சி.யை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். ஹெல்மெட் போடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்