மரத்துக்குள் ஒரு தச்சன்



மலருக்குக் கட்டுரை என்றதும் விடுதிச் சாப்பாடு, ஆண்டு விழா நாடகம் என்று எழுத நம்மில் பலர் இருக்கிறீர்கள். விலங்கியல் படித்தவன் நான். என் பங்குக்கு ஒரு பூச்சியின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். 'பூச்சிக்கெல்லாம் வரலாறா?' என்று சிரிக்காதீர்கள். இதில் நமக்கும் ஒரு சேதி இருக்கிறது.

தச்சன் அந்துப்பூச்சி என்பது ஒரு பெரிய குடும்பம். 2011-ல் எடுத்த உலகக் கணக்குப்படி 151 பேரினங்கள், 971 சிற்றினங்கள். உளி பிடிப்பது என்னவோ புழுதான். மரத்துக்குள் மாதக்கணக்கில், குளிர்நாடுகளில் சில இனங்கள் வருடக்கணக்கில், குடைந்துகொண்டே வளரும். வெளியே வரும் அந்துப்பூச்சி சாப்பிடுவதே இல்லை. முட்டையிட்டுச் சில நாளில் மடிந்துபோகும்.

ஐரோப்பாவில் வில்லோ மரத்தைக் குடையும் இனத்தின் புழு ஆட்டுக்கிடா போல வீச்சமடிக்கும். இதைக் கூறுபோட்டுப் பார்த்தவர் பியர் லியோனே. பேராசிரியர் அல்ல, ஹாலந்து அரசுக்கு ரகசிய எழுத்துகளை விடுவித்துக் கொடுத்த வழக்கறிஞர். ஒரே புழுவினத்தை ஆராய்ந்து 1760-ல் தி ஹேக் நகரில் தடித்த நூல் ஒன்று வெளியிட்டார். படங்களையும் தானே செப்புத் தகட்டில் செதுக்கினார். அவர் எண்ணிய தசைகள் நாலாயிரத்துக்கும் மேல். மனிதனுக்கு அறுநூற்றுச் சொச்சம்தான்!

நம் பக்கம் இந்தக் கதை இலங்கைக் காப்பித் தோட்டத்தில் தொடங்குகிறது. நீட்னர் என்ற ஜெர்மன்காரர், காப்பிப் பயிர் செய்தவர், காப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றி 1861-ல் எழுதினார். கிளைக்குள் சிவப்புப் புழு. மேலே இலை வாடும். கீழே எச்சம் உருண்டை உருண்டையாகக் கொட்டிக்கிடக்கும். அந்த இனத்துக்கு முதலில் பெயர் வைத்தவர் அவரே. அந்தக் காலத்தில் அங்கே கூலி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து நடந்தும் படகேறியும் போனவர்கள். செடியோடு தினமும் மல்லுக்கட்டிய அவர்கள் பெயர் எந்தப் பூச்சியோடும் ஒட்டவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1869-ல் வந்த இலைத்துரு நோய் இலங்கைக் காப்பியை அழித்தது. புழு மட்டும் போகவில்லை. தேயிலை, சந்தனம், தேக்கு என்று பலதையும் தின்னக் கூடியது அது!

லண்டனில் இந்திய அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த பிரெடெரிக் மூர், 1865-ல் இன்னொரு இனத்துக்குப் பெயரிட்டார். அந்த அறிவியல் பெயரில் நம் கடம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிற்பாடு கேரளத்துத் தேக்கில் தொல்லை கொடுத்ததும் இதுவே. நீலகிரியில் தேயிலை பயிரிட்ட ஹாம்ப்ஸன் ஊர் திரும்பி, இந்திய அந்துப்பூச்சிகளை நான்கு தொகுதிகளில் (1892–1896) வகைப்படுத்தினார். கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியலராக இருந்த பிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் நூல் 1914-ல் சென்னையில் அச்சானது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பீசன், பர்மாத் தேக்கைத் துளைக்கும் இனத்தை ஆராய்ந்தார். மரம் சாகாது, வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். அறுத்த பிறகுதான் பலகை நெடுக ஓட்டை தெரியும். பீசனின் பெரிய நூல் வந்தது 1941-ல்.

காப்பிப் புழு இனத்தை 2011-ல் ரஷ்யாவின் யாகோவ்லெவ் வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார். பெயர் மாறினாலும் வைத்தியம் அதேதான். மரத்துக்குள் இருப்பவனுக்கு மருந்து எளிதில் எட்டாது. துளைக்குக் கீழே கிளையை வெட்டி எரிப்பதுதான் இன்றைக்கும் முக்கியமான வழி. அதற்குத் தேவை, வாடிய ஒரு கிளையைக் கண்டதும் நின்று பார்க்கும் கண்.

சேதி என்ன என்கிறீர்களா? வழக்கறிஞர், காப்பிக்காரர், தேயிலைக்காரர்: இந்த அறிவில் பெரும்பங்கைக் கொண்டுவந்தவர்களுக்குப் பிழைப்பு வேறு. நம்மிலும் பலர் படித்தது ஒன்று, பார்த்த வேலை ஒன்று. 'டிகிரி வீணாப் போச்சு' என்று இனியாவது யாரும் சொல்லாதீர்கள். ஓய்வு பெற்றுவிட்டோம், வீட்டில் கொய்யாவோ மாதுளையோ நிற்கிறது. ஒரு கிளை வாடினால், தூக்கி எறியுமுன் பிளந்து பாருங்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். நீட்னர் செய்ததும் அதுதானே!