மெண்டலீவ் எழுப்பிய கணித வினா

தனிமங்களை 1869-இல் வரிசைப்படுத்திப் புகழ்பெற்ற உருசிய இரசாயன அறிஞர் மெண்டலீவ், கணித வரலாற்றிலும் இடம் பெற்றவர் என்பதைப் பலர் அறியார்.

நீரும் சாராயமும் கலந்த கரைசல்களின் அடர்த்தியை அவர் நுணுகி ஆராய்ந்து, 1887-இல் நூலாக வெளியிட்டார். சாராய விழுக்காட்டிற்கேற்ப அடர்த்தி மாறுவதை வரைபடமாக்கியபோது, இருபடிக் கோவைகளால் ஆன பல வளைகோட்டுத் துண்டுகள் தேவைப்பட்டன. துண்டுகள் கூடும் இடங்களில் சாய்வு சட்டென மாறி, முடக்குகள் தோன்றின. அவை இயற்கையில் உள்ளவையா, அன்றி அளவைப் பிழையின் விளைவா?

உயரத்தில் நேரும் சிறு பிழை, சாய்வில் எவ்வளவு பிழையாகும் என்பதே இங்குக் கருத்து. −1 முதல் +1 வரையுள்ள இடைவெளியில் ஓர் இருபடிக் கோவையின் மதிப்பும் அதே எல்லைகளுக்குள் நின்றால், அதன் சாய்வின் அளவு 4-ஐ விஞ்சாது என்று மெண்டலீவ் கண்டார். முடக்குகள் பிழையால் நேரக்கூடிய அளவினும் பெரியவை. ஆதலின் அவை மெய்யே எனத் துணிந்தார்.

இவ்வினாவை ஏற்ற கணிதப் பேரறிஞர் ஆந்திரே மார்க்கோவ், படி n ஆயின் எல்லை n² என்று 1889-இல் நிறுவினார். அவர்தம் இளவல் விளாதிமிர் 1892-இல் உயர் வகைக்கெழுக்களுக்கும் எல்லை கண்டார். 1897-இல் 25 வயதிலேயே மறைந்தார்.

இச்சமனிலி ஓர் எச்சரிக்கையுமாகும். படி 10 ஆயின் எல்லை 100. உயர்படிக் கோவை ஒன்றையே பல புள்ளிகளின் வழியே செலுத்தினால், அது இடையே பெரிதும் அலையக்கூடும் என்பதை 1901-இல் ரூங்கே காட்டினார். தாழ்ந்த படியுள்ள துண்டுகளே நன்று. ஆனால் முடக்கின்றி இணைத்தல் எவ்வாறு?

கப்பல் வரைவோர், வளையும் மெல்லிய மரச்சட்டத்தை ஈயக்கட்டிகளால் நிறுத்திக் கோடு வரைவர். அச்சட்டத்தின் பெயராகிய 'ஸ்பிளைன்' என்பதையே இத்தகைய துண்டுக் கோவைகளுக்கு 1946-இல் ஷோன்பர்க் சூட்டினார். முப்படி ஸ்பிளைனில் சாய்வும் இரண்டாம் வகைக்கெழுவும் இணைப்பில் அறுபடா. மூன்றாம் வகைக்கெழு மட்டுமே தாவலாம்.

எம் தோட்டப்பள்ளியில் மூங்கிற் சிம்பை ஆணிகளுக்கிடையே வளைத்துக் காட்டியபோது, "முடக்கு எங்கே போயிற்று, ஐயா?" என்றான் ஒரு மாணவன். மெண்டலீவின் வினாவும் அதற்கு உறவினதே. பாடத்திற்குப் புறம்பானது என்று அத்தகைய வினாக்களை நாம் தள்ளிவிடலாகாது.