சுவரின் வெள்ளையும் தோட்டத்தின் வண்ணமும்

மயிலாப்பூர் மாட வீதிகளின் பழைய வீடுகளுக்கு முன்புறத் தோட்டம் கிடையாது. திண்ணை நேரே தெருவைப் பார்த்திருந்தது. சுவரில் சுண்ணாம்பு வெள்ளையும் காவிப் பட்டையும் இருந்தன. நந்தியாவட்டை, செம்பருத்தி, பவழமல்லி எல்லாம் கொல்லையில் வளர்ந்தன. பூசைக்கு உதவும் பூ என்பதே தேர்வுக்குக் காரணம். சுவரின் நிறம் அன்று.

வீட்டைச் சூழ்ந்த அலங்காரத் தோட்டம் ஆங்கிலேயரின் தோட்ட வீடுகளோடு வந்தது. 1882-இல் அடையாற்றின் தென்கரையில் பிரம்மஞான சபை வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம் அத்தகையது. 1835-இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் அயல்நாட்டுச் செடிகளை நகர மக்களுக்கு அறிமுகப்படுத்தியது.

1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவானது. சுற்றுச்சுவரும் முன்புற வெற்றிடமும் கொண்ட தனி வீடுகள் எழுந்தன. வெள்ளை, இளமஞ்சள் சுவர்களுக்கு முன் தென்னமெரிக்காவிலிருந்து வந்த காகிதப்பூவின் கருஞ்சிவப்பும் குரோட்டன்ஸின் பல வண்ண இலைகளும் எடுப்பாகத் தெரிந்தன. வெளிர் சுவர் எதிரொளிக்கும் வெயிலையும் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் காகிதப்பூ தாங்கியது.

பின்னாளில் தனி வீடுகள் அடுக்ககங்களாக மாறியபோது தோட்டம் பால்கனித் தொட்டிகளாகச் சுருங்கியது. சுவரின் நிறம் குடியிருப்போர் அனைவரின் பொது முடிவாயிற்று. செடி மட்டுமே ஒவ்வொரு வீட்டாரின் தேர்வாக எஞ்சியது.