மேடையில் பழகிய தொண்டை

ஆடித் திருவிழா, ஆயுத பூஜை, தொழிற்சங்க விழா என்று எர்ணாவூர் போன்ற ஆலைப் பகுதிகளில் மேடை போடக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. பாட்டுக் கச்சேரிக்கு நடுவே ஒருவர் மைக் பிடித்து நாலு நடிகர்களின் குரலில் பேசுவார். அந்தப் பத்து நிமிடத்தை எந்தக் கலை வரலாறும் கணக்கில் சேர்ப்பதில்லை. நகைச்சுவை நடிகரின் கதையை முதல் படத்திலிருந்து எழுதுகிறோம். மேடையை வாசற்படி என்றும், டப்பிங்கை உபதொழில் என்றும் தள்ளிவிடுகிறோம். இந்தக் கணக்கு தவறு என்பதற்கு ரோபோ சங்கர் நல்ல சாட்சி.

மதுரைக்காரரான சங்கர், உடம்பெங்கும் பளபளக்கும் வண்ணம் பூசிக்கொண்டு மேடையில் இயந்திர மனிதனாக ஆடியதால் 'ரோபோ' ஆனார். விஜயகாந்த் குரலுக்குக் கைதட்டல் வாங்கினார். விஜய் டி.வி.யின் 'கலக்கப் போவது யாரு' அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. 2013-இல் 'இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா'வுக்குப் பிறகு சினிமாவும் அவரைக் கவனித்தது. 2015-இல் வந்த 'மாரி' திருவல்லிக்கேணிக் கதை. அதில் தனுஷின் கூட்டாளி 'சனிக்கிழமை'யாக இந்த மதுரைக்காரர் மெட்ராஸ் பாஷை பேசினார். அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கித் தன் தொண்டையில் ஏற்றுவது மிமிக்ரிக்காரரின் அன்றாடப் பயிற்சி. அது மேடையில் வந்த வித்தை.

2019-இல் 'தி லயன் கிங்' தமிழில் வந்தபோது பும்பா என்ற காட்டுப்பன்றிக்கு அவர் குரல் கொடுத்தார், டிமோனுக்குச் சிங்கம்புலி. டப்பிங் அறையில் முகபாவம் கைகொடுக்காது. காதில் ஹெட்போன், எதிரே திரை. பன்றி வாய் திறக்கும்போது சொல் தொடங்க வேண்டும், மூடும்போது முடிய வேண்டும், நடுவில் மூச்சும் சிரிப்பும் அந்த உருவத்துக்குப் பொருந்த வேண்டும். 2024-இல் வந்த 'முஃபாசா'விலும் பும்பா அவரிடமே வந்தது.

விளம்பரத்துக்காகத்தான் பிரபலங்களைக் கூப்பிடுகிறார்கள், அதனால் தொழில்முறை டப்பிங் கலைஞர்களின் வாய்ப்பு பறிபோகிறது என்பார்கள். நியாயமான குறைதான், தீர்வு காண வேண்டியதும்கூட. ஆனால் குரலையே பிழைப்பாகக் கொண்டு வளர்ந்தவரை அந்த அறைக்கு வெளியாள் என்று சொல்ல முடியாது. 'வாயை மூடி பேசவும்' (2014) படத்தின் பின்பாதியில் வசனமே அநேகமாக இல்லை, அதிலும் அவர் சிரிக்க வைத்தாரே, அப்படியானால் குரல்தான் எல்லாமா என்றும் கேட்கலாம். இல்லைதான். அந்த உடல்மொழி எங்கிருந்து வந்தது? வாய் பேசாமல் இயந்திரமாக ஆடிய அதே மேடையிலிருந்து.

2025 செப்டம்பர் 18 அன்று, 46 வயதில், சென்னையில் அவர் காலமானார். படங்கள் இருக்கின்றன, திருவிழா மேடைகளில் அவரைப் போன்றவர்கள் கழித்த ஆண்டுகளுக்குத்தான் பதிவு அரிது. எர்ணாவூர், திருவொற்றியூர், எண்ணூர் வாசகர்களே, பழைய விழா நோட்டீசோ வீடியோ கேசட்டோ வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்னால் ஊரும் ஆண்டும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.