குலுங்கும் மணிகளும் கணினியும்

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் சாமை விளைகிறது. குத்திய சாமையை முறத்திலிட்டுத் தூய்மை செய்வதற்குப் புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நேம்புதல் என நம் மொழியில் நான்கு சொற்களேனும் உண்டு. அசைவு மாறினால் மணிகள் பிரியும் விதமும் மாறும் என்று அறிந்தவர்கள் வகுத்த சொற்கள் இவை என்றே நாம் கருதுகிறோம். இயற்பியல் இவ்விடம் வந்துசேரச் சற்றுத் தாமதமாயிற்று.

அதிரும் தகட்டில் தூவிய நுண்தூள் குவியலாகத் திரள்வதற்குக் காற்றோட்டமே காரணம் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே காட்டினார். முறத்திலும் பாதி வேலை காற்றினுடையதன்றோ! காற்றை அகற்றிவிட்டால் மணிகள் என்ன செய்யும்? டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்வின்னியின் குழுவினர் 1990களில் வெற்றிடக் கலத்தில் நுண்ணிய வெண்கல மணிகளை மெல்லிய படலமாகப் பரப்பி மேலும் கீழும் அதிரச் செய்தனர். வரிகள், சதுரங்கள், அறுகோணங்கள் எழுந்தன. ஒரு துடிப்பில் மேடாகவும் அடுத்த துடிப்பில் பள்ளமாகவும் தனித்து நின்று துள்ளும் 'ஆசிலான்' என்னும் வடிவை அவர்கள் 1996இல் அறிவித்தனர்.

இதனிடையே கணினி வேறொரு வழியாக வந்துகொண்டிருந்தது. மணிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் கணக்குமுறையை மண், பாறை ஆய்வுக்காக 1979இல் கண்டாலும் ஸ்ட்ராக்கும் வகுத்தனர். குலுக்கினால் பெரிய மணி ஏன் மேலே வருகிறது என்பதை 1987இல் ரொசாட்டோ குழுவினர் கணினியில் ஆராய்ந்தனர். 1991இல் அதிர்வுறும் தூள்களைக் கணினியில் குலுக்கிப் பார்த்தவர்களுள் ஒருவர் அனிதா மேத்தா. கொல்கத்தாவின் சத்யேந்திரநாத் போஸ் தேசிய மையத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். தமிழில் அவரைப் பற்றி அதிகம் எழுதப்படாதது நமக்கு வருத்தமே.

1998இல் டெக்சஸ் குழுவினரின் கணினி மணிகளும் ஆய்வுக்கலத்து வடிவங்களையே வரைந்தன. ஆனால் வெறும் நகலெடுப்புக்குக் கணினி எதற்கு? அதன் பயன் 2004இல் புலப்பட்டது. மூன், ஸ்விஃப்ட், ஸ்வின்னி மூவரும் மணிகளின் உராய்வை அடியோடு நீக்கிப் பார்த்தனர். உராய்வற்ற மணி உலகில் எங்கும் இல்லை, கணினியில் மட்டுமே கிடைக்கும். சதுரமும் அறுகோணமும் மறைந்தன. வரிகள் மட்டுமே எஞ்சின. உராய்வால் இழக்கப்படும் ஆற்றலை மோதலின் வழியே இழக்கச் செய்து ஈடுகட்டியபோதும் அவை திரும்பவில்லை. ஆக, ஆற்றல் எவ்வளவு குறைகிறது என்பது மட்டும் போதாது. ஒன்றையொன்று உரசியே அது குறைய வேண்டியிருக்கிறது.

இக்கணக்குகளில் உருண்டவை யாவும் பிசகற்ற கோளங்கள். சித்தேரிச் சாமையோ சற்று நீண்டது. குத்திய பின்னும் உமி கலந்தே முறத்துக்கு வருவது.